டகோட்டாவுக்கு ரீபெயிண்ட் செய்தவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

டகோட்டா தாசன்

கம்ப்யூட்டர் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓட்டுகிற டகோட்டாவுக்கு (இரண்டாம் உலகப்போர் காலத்துச் சரக்கு விமானம், அமெரிக்கர்களுக்கு சி-47) புது வண்ணம் போட்டவர்களுக்கான இழை இது. நானே ஆரம்பிக்கிறேன். 1944-இல் இம்பால் முற்றுகையின்போது மூட்டை மூட்டையாகச் சாப்பாடு போட்ட ராயல் ஏர்ஃபோர்ஸ் டகோட்டாக்களில் ஒன்றை எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு வரைந்துகொண்டிருந்தேன். மேலே ஆலிவ், அடியில் சாம்பல், சரக்குக் கதவின் ஓரத்தில் மூட்டை உரசின கீறல் எல்லாம் முடித்துக் கடைசியாக வட்டச் சின்னத்தை வைத்தேன். நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு, எல்லாருக்கும் தெரிந்த அதே வட்டம்தான். பின்னால் கட்டிலில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். ரங்கூனில் பிறந்தவர், 1942-இல் ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பிப் பத்து வயதில் குடும்பத்தோடு நடந்தே வந்தவர். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. "ஏம்ப்பா, அதுல செவப்பு இருக்கே, குண்டு போட்ட பிளேனா?"

இல்லை அப்பாயி, இது சோறு போட்ட பிளேன் என்றேன். "அப்புறம் எதுக்குச் செவப்பு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ராத்திரி தேடின பிறகுதான் புரிந்தது. ஜப்பான் விமானத்தின் செவ்வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்தியா பர்மா பக்கம் பறந்த விமானங்களின் வட்டத்திலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். வெளியே கருநீலம், நடுவில் வெளிர் நீலம், அவ்வளவுதான். வால் பட்டையிலும் சிவப்பு கிடையாது. அப்பாயி கேட்டது அந்தக் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் வந்த அதே சந்தேகம். நான் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. அதற்குள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், கம்ப்யூட்டர் பக்கம் வரவே இல்லை. வருகிற மாசி வந்தால் அவர் போய் மூன்று வருஷம். திருத்தின விமானத்தை அவரிடம் காட்டவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

நெல்லை பைலட்

என்னுடையது விபி905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாக்களின் நினைவாக, பழுதுபார்த்துக் கொண்டுவந்த ஒரு டகோட்டாவுக்கு அந்த எண்ணைக் கொடுத்து 2018-இல் நம் விமானப்படையில் சேர்த்தார்களே, பரசுராமா, அதுதான். எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்) காலத்து இலவச மாடல் ஒன்றில் செய்தேன். எங்கள் தெருவில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்குக் காட்டத்தான் அவ்வளவு அவசரம். ஸ்ரீநகர் ஓடுபாதையில் இறக்கிவிட்டுக் கேமராவை மெதுவாகச் சுற்றினேன், வலப்பக்கம் வந்ததும் எழுத்து முழுக்கக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தது. அந்த மாடலில் உடலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம், இடப்பக்கத்தைத்தான் அப்படியே கவிழ்த்து வலப்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதுவரை வலப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கமே திருப்பி வை தம்பி, கதவு அங்கதான இருக்கு" என்றார். அப்புறம் அரை மணி நேரம் இடப்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். குறை சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

லேயர் வாத்தியார்

நெல்லை, எனக்கும் இது நடந்தது, ஒரு சி-47-இல் மூக்கில் எழுதின பெயர் வலப்பக்கம் கண்ணாடிப் பிம்பமாக வந்தது, நானும் வெளியிட்ட பிறகுதான் பார்த்தேன். அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதின ஒரு படத்தை டெக்ஸ்ச்சராக, அதாவது மாடலின்மேல் ஒட்டுகிற படமாகப் போட்டு விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எந்த எண் எங்கே விழுகிறது, எது திரும்பி விழுகிறது, எங்கே இழுபடுகிறது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எண் திரும்பி விழுந்தால் அந்த மாடலில் எழுத்து வேலையே வேண்டாம், வேறு மாடல் தேடுங்கள்.

அடுத்தது அளவு. உடல் நீளம் ஏறக்குறைய இருபது மீட்டர், அது 4096 புள்ளி (பிக்சல்) அகலத்தில் விரிந்தால் ஒரு மீட்டருக்கு 205 புள்ளி. 1944-இல் நார்மண்டித் தாக்குதலுக்காக நேச நாட்டு விமானங்களில் பூசின கறுப்பு வெள்ளைப் பட்டை ஒவ்வொன்றும் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர், அப்படியானால் 125 புள்ளி. கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். பக்கவாட்டுப் படமும் முதுகுப் படமும் சேரும் தையலில் பட்டை ஒன்றரைப் புள்ளி தள்ளினாலும் வெயில் பட்டால் பல்லிளிக்கும். எஃப்எஸ்எக்ஸுக்குச் சேமிக்கும்போது படத்தை மேல் கீழாகக் கவிழ்க்க மறக்காதீர்கள். புது மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால் லேஅவுட் ஃபைலை (பேக்கேஜில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்ற பட்டியல்) புதுப்பிக்க வேண்டும். அப்புறம் ஆலிவ் பெயிண்ட் மினுங்காது, அதற்கு உலோகத்தன்மை பூஜ்யம், சொரசொரப்பு அதிகம் வையுங்கள். இறக்கை முன்விளிம்பில் இருக்கும் பனி நீக்கும் ரப்பர் பட்டை கறுப்பு, அதன்மேல் ஆலிவைப் பூசிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் தனித்தனி லேயரில் வையுங்கள், அழுக்கு ஒரு லேயர், எண்ணெய் வழிந்தது ஒரு லேயர், ஆணி வரிசை ஒரு லேயர்.

வானம்பாடி

வாத்தியாரே, அந்த 125 புள்ளியில்தான் என் கதையே இருக்கிறது. "தட்ஸ் ஆல், பிரதர்" செய்தேன். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக்குப் பாராசூட் வீரர்களைச் சுமந்து முன்னால் போன சி-47. டர்போ இஞ்சின் மாட்டுவதற்காக ஆஷ்கோஷில் வரிசையில் நின்றதை 2015-இல் அடையாளம் கண்டு காப்பாற்றினார்களே, அது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அளந்து, நூல் பிடித்தாற்போல் வைத்தேன். விமானம் கடையில் வாங்கின பொம்மை மாதிரி நின்றது. என்ன தப்பு என்றே இரண்டு நாள் தெரியவில்லை.

அப்புறம் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருவர் இறக்கைமேல் குந்தி உட்கார்ந்து சாதாரணப் பிரஷ்ஷால் பூசுகிறார். ஓரம் ஆடுகிறது, வெள்ளைக்குள் ஆலிவ் தெரிகிறது, ஒரு இடத்தில் வழிந்து காய்ந்திருக்கிறது. ரகசியம் வெளியே போகக் கூடாது என்று தாக்குதலுக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் பூசச் சொல்லியிருக்கிறார்கள், இருக்கிற ஆளெல்லாம் பிரஷ்ஷை எடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில் சிசிலிக்கு மேலே 144 விமானங்கள் போனதில் 23-ஐச் சொந்தக் கப்பல்களும் சொந்தத் தரைப்படையுமே சுட்டு வீழ்த்தியதால் வந்த பட்டை இது. அந்த ஆள் அழகுக்காகப் பூசவில்லை, நம் ஆளே நம்மைச் சுடக் கூடாதே என்று பூசியிருக்கிறார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையாலேயே பூசினேன், நாலு ராத்திரி. போட்டதும் முதல் கருத்து: "பட்டை நேராக இல்லை, ஒரு நட்சத்திரம்." அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

லேயர் வாத்தியார்

வானம்பாடி, எல்லா விமானத்திலும் அப்படி இல்லை. சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டு ஒழுங்காகப் பூசியதும் உண்டு, அதே நாள் எடுத்த படங்களிலேயே இரண்டு வகையும் இருக்கிறது. கோணலாக இருந்தால்தான் நிஜம் என்று ஒரு நம்பிக்கை இப்போது பரவிவிட்டது, அதனால் எல்லாரும் வேண்டுமென்றே கோணலாக்குகிறார்கள். எந்த விமானமோ அந்த விமானத்தின் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தேதியையும் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மேற்பக்கப் பட்டையை அழிக்கச் சொல்லிவிட்டார்கள், ஆகஸ்ட் விமானத்துக்கு முதுகில் முழுப்பட்டை வைத்தால் தப்பு.

வானம்பாடி

அந்த விமானத்தின் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன்.

யாழ் வெளி

நான் கீறினது ஏர் சிலோன் டகோட்டா. 1947 டிசம்பர் 10-ந் திகதி ரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வந்து மெட்ராஸ் போச்சுதே, அந்தக் காலத்து விமானம். பட்டாளத்தில ஓடினதை வாங்கிப் பயணிகளுக்கு விட்டது. வெள்ளி நிறம் அடிச்சு நல்ல வடிவா வந்தது. பின்னேர வெயில்ல பலாலிக்கு மேல திருப்பேக்கதான் பார்த்தன், வெள்ளிக்குக் கீழ பெரிய சரக்குக் கதவின்ட கோடு அப்பிடியே தெரியுது. நான் அடிச்சது நிறம் மட்டும்தான், மேடு பள்ளத்துக்கு வேற படம் இருக்கு, அதை நான் தொடேல்ல. அழிப்பம் எண்டு வெளிக்கிட பெரியப்பா வேண்டாம் எண்டார். அவர் சின்னனில அதில ஏறினவர். "பட்டாளத்து வண்டி எண்டு எங்கட ஐயா அப்பவே சொன்னவர், கோடு இருக்கட்டும்" எண்டார். விட்டிட்டன். ஆனா மாடல் செய்த ஆளுக்குத் தெரியாமல் விட்ட பிழையோ, உண்மையிலேயே அப்பிடி இருந்ததோ எண்டு ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைப் பார்க்கேக்க யோசினை வருது.

கோவை 47

தாசன், உங்கள் கதையைப் படித்ததிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சிவப்பை எடுத்தது 1942 நடுவில்தான். உங்கள் அப்பாயி நடந்து வந்த நாட்களில், அதே 1942 கோடையில், ராயல் ஏர்ஃபோர்ஸின் 31-ஆம் ஸ்குவாட்ரன் டிசி-2, டிசி-3 (டகோட்டாவின் பயணிகள் வகைகள்) விமானங்கள் வட பர்மாவின் மியிட்கினாவிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்தன. அவற்றில் நடுவில் சிவப்பு இருந்திருக்கும். அதனால் நீங்கள் முதலில் போட்ட வட்டம் தப்பே இல்லை, வருஷம்தான் தப்பு. 1944 என்று பெயர் வைக்காமல் 1942 என்று வைத்திருந்தால் அப்பாயியிடம் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம்.

டகோட்டா தாசன்

கோவை, தப்பாக நினைக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். அவர்கள் வந்தது மலைப்பாதையில், விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் வேறு ஆட்கள். வழியில் தலைக்குமேல் சத்தம் கேட்டால் அவருடைய அம்மா எல்லாரையும் மூங்கில் புதருக்குள் தள்ளுவாராம், எந்தப் பிளேன் என்று யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லையாம். அந்தப் பிளேன்களில் பாதி, அகதிகளை ஏற்றிக்கொண்டு போன பிளேனாகவே இருந்திருக்கலாம் என்று நீங்கள் எழுதின பிறகுதான் தோன்றுகிறது.

முதலில் செய்த சிவப்பு வட்டத்து ஃபைலை அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன். அதை 1942-க்கு மாற்றப் போகிறேன். இந்த வாரம் வால் எண்ணிலிருந்து ஆரம்பம். 31-ஆம் ஸ்குவாட்ரனின் அந்தக் காலத்துப் படம், வலப்பக்கம் தெரிகிற மாதிரி, யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.