சைக்கிளுக்கு ஜிபிஎஸ் எது வாங்கலாம், கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, சைக்கிளுக்கு ஒரு ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் தேடிட்டு இருக்கேன், இப்ப போன ஹேண்டில்பார்ல மாட்டித்தான் ஓட்டுறேன், ஆனா இங்க சிங்கப்பூர்ல சாங்கி கோஸ்டல் ரோடு வெயில்ல போன் சூடாகி ஸ்கிரீன் மங்கிடுது, மழை பேஞ்சாலோ தண்ணி சொட்டு பட்டு மேப் அதுவா எங்கயோ நகந்து போயிடுது.

கார்மின் எட்ஜ் 540, 840 ரெண்டையும் பாத்தேன். 540ல பட்டன் மட்டும், 840ல டச்சும் இருக்கு. நம்ம ஊரு வேர்வைக்கு டச் ஒழுங்கா வேலை செய்யுதா? வாஹூ கம்பெனியோட போல்ட் வெச்சிருக்கவங்களும் சொல்லுங்க, செட்டிங்கெல்லாம் போன் ஆப்லயே பண்ணிக்கலாம்ங்கறது எனக்குப் புடிச்சிருக்கு.

முக்கியமா வழி காட்டணும். பார்க் கனெக்டர்ல, அதான் பூங்காக்கள இணைக்கிற பாதையில, எம்ஆர்டி ரயில் பாலத்துக்கு அடியில, அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவுல போறப்ப லைன் கோணல்மாணலா விழக்கூடாது, திருப்பம் தவறினா சட்டுனு வேற ரூட் குடுக்கணும். லிம் சூ காங் பக்கம்னா இது எதுவுமே தேவையில்ல, நேரா மிதிச்சுட்டே போகலாம். ஆனா மலேசியாவுல ஜேபி (ஜோகூர் பாரு) தாண்டி டெசாரு போற பிளான் இருக்கு, இங்க வாங்குறதுல மலேசியா மேப் வருமா, இல்ல நாமளே ஏத்தணுமா?

ஓட்டினத பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்புக்குத் தானா ஏறினா போதும், மிதிக்கிற சக்திய அளக்குற பவர் மீட்டரெல்லாம் வேணாம். ஐநூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சா வீட்டுல சண்டை வராது. செகண்ட்ஹேண்ட் வாங்கினவங்க, பேட்டரிய எப்படி செக் பண்ணீங்க?