அப்பாவின் குதிகாலில் கறுப்புத் தடிப்பு: சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடுமா?

குலசேகரத்து மகள் எழுதியது:

அப்பாவுக்கு 61 வயது. நாற்பது ஆண்டுகளாக ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். விடியற்காலை நான்கரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். காலில் ஒரு பழைய செருப்பு. மழைக்காலத்தில் சேறு வழுக்கும் என்று அதையும் கழற்றிவிடுவார். இடது குதிகாலின் உட்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாதான் முதலில் பார்த்தார். அட்டை கடித்த தழும்பு என்று அப்பா சொன்னார். நாங்களும் நம்பினோம்.

சென்ற கார்த்திகையில் அது மிளகளவு தடித்தது. கால் ஆணி என்று நினைத்து, மருந்துக்கடையில் ஆணிக்கான பிளாஸ்திரி வாங்கி மூன்று மாதம் ஒட்டினார். வெள்ளையாகத் தோல் உரிந்து வந்ததே தவிர, கறுப்பு போகவில்லை. இப்போது நீளவாக்கில் அளந்தால் 13 மில்லிமீட்டர் இருக்கிறது. ஓர் ஓரம் மை கசிந்ததுபோல் பரவியிருக்கிறது. நடுவில் தடிப்பு. இரண்டு முறை செருப்பில் ரத்தம் பார்த்தேன். வலியே இல்லை. வலி இல்லாததால்தான் அவர் இத்தனை நாள் பொருட்படுத்தவில்லை.

நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். விளக்கு வைத்த சிறிய லென்ஸைக் குதிகாலில் பதித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். சீட்டில் 'மெலனோமா?' என்று எழுதியிருக்கிறார். அது ஒரு வகைத் தோல் புற்றுநோயாம். பத்து நாளாக அந்தக் கேள்விக்குறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தி பட்டால் புற்று கிளம்பிவிடும், தொடாமல் விட்டால் அது பாட்டுக்கு இருக்கும் என்கிறார் பெரியப்பா. எங்கள் ஊர் நாட்டு வைத்தியரான ஆசான், தோலைக் கருக்கும் கார மருந்து வைத்து 21 நாளில் எடுத்துவிடலாம் என்றாராம். அப்பாவின் மனம் அங்கேதான் சாய்கிறது. மரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தபோது சேர்த்துக் கட்டியவர் அவர். அப்பாவுக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இருக்கிறது. துண்டு எடுத்த புண் ஆறுமா? இங்கேயே செய்வதா, திருவனந்தபுரம் போவதா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

குளச்சல் கரை எழுதியது:

சகோதரி, எனக்கும் கால் பெருவிரல் நகத்தடியில் கறுத்தது. மூன்று மாதம் தூக்கமில்லை. படகில் நங்கூரம் விழுந்ததை நான் மறந்தே போயிருந்தேன். மருத்துவர் நகத்தில் ஒரு கோடு கீறி, மாதம் ஒருமுறை வரச் சொன்னார். நகம் வளர வளரக் கறுப்பும் முன்னே நகர்ந்தது; அடியில் நல்ல நகம் வந்தது. அது கட்டிய ரத்தம்தான். கால் நகம் முழுதும் மாற ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே கறுப்பு என்றவுடன் முடிவுகட்டி அழாதீர்கள். ஆனால் எனக்கு அது நகர்ந்தது, உங்கள் அப்பாவுக்கு அதே இடத்தில் இருந்து வளர்கிறது. இந்த வேறுபாடு எனக்குச் சரியாகப் படவில்லை. துண்டு எடுத்துப் பாருங்கள்.

தக்கலை மெழுகுக்கட்டி எழுதியது:

மகளே, நான் மருத்துவன் அல்ல. 27 ஆண்டுகள் திசு ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர்கள் வெட்டி அனுப்பும் சதையை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுப்பது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

துண்டு எடுப்பதால் பரவாது. பரவுவதற்கு அதற்கே ஒரு வழி இருக்கிறது. மெலனோமா, தோலின் மேலடுக்கில் நிறமி செய்யும் செல்களில் தொடங்குகிறது. அந்த அடுக்கில் ரத்தக்குழாய் கிடையாது. கீழே உள்தோலுக்கு இறங்கிய பிறகுதான் ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் அதன் கைக்கு எட்டுகின்றன. எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் உயிருக்கான கணக்கு. பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1970 இல் சொன்ன அளவு அது. இன்றும் அறிக்கையில் அவர் பெயரால்தான் வரும். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு எடுப்பார்கள். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர். உங்கள் பெரியப்பா சொல்வதுபோல் அது சும்மா இருக்காது. நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அது இறங்கிக்கொண்டிருக்கலாம்.

காரம் வைத்தால் மேலே உள்ளது கருகி விழும். அடியில் உள்ளது தங்கிவிடும். மேலே தழும்பு மூடிக்கொள்ளும். பிறகு ஆழத்தை யாராலும் அளக்க முடியாது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

என் அக்காளுக்கு 58 வயதில் வலது கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. அது நகத்தோடு நிற்காமல் நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் இறங்கியது. அப்படி இறங்குவதுதான் பெரிய எச்சரிக்கை. அவள் என்னிடம் சொல்லவில்லை. கால் நகத்தைத் தம்பியிடம் காட்டக் கூச்சம். ஒரு சிறிய மருத்துவமனையில் சொத்தை நகம் என்று பிடுங்கி எடுத்து, நகத்தையும் அடிச்சதையையும் வாளியில் போட்டுவிட்டார்கள். புண் ஐந்து மாதம் ஆறவில்லை. சர்க்கரைப் புண் என்று கட்டுக் கட்டினார்கள். பிறகு, காலின் நிணநீர் போய்ச் சேரும் கணுக்கள் உள்ள தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அந்தக் கட்டி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது, பாட்டிலில் அவள் பெயரோடு. நிணநீர்க் கணு அறுத்தால் உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டும். அது அடுப்புக்கரிபோல் இருந்தது. சாயமேற்றும் முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. அது 2009. அதன் பிறகு 14 மாதம் இருந்தாள்.

நகம் பிடுங்கிய அன்று அந்தச் சதையைப் பத்து ரூபாய் பாட்டிலில், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு அனுப்பியிருந்தால், ஒரு விரலை இழப்பதோடு முடிந்திருக்கலாம். உடம்பிலிருந்து வெட்டியெடுக்கும் எதையும், மரு என்றாலும் ஆணி என்றாலும், சோதிக்காமல் எறிய விடாதீர்கள். கையைப் பிடித்தாவது கேளுங்கள்.

உள்ளங்காலுக்கு வெயில் படாதே, நம் நிறத்துக்குத் தோல் புற்று வராதே என்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கு முதுகிலும் முகத்திலும் வெயிலால் வரும் வகை வேறு. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை; கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977 இல் கால் பெருவிரலில் கண்டார்கள். 1981 இல் 36 வயதில் போய்விட்டார்.

மருத்துவர் லென்ஸில் என்ன பார்த்தார் தெரியுமா? உள்ளங்காலில் கைரேகைபோல் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் மேட்டில் ஓடும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்னது. கேள்விக்குறியைப் போட்டவர் கவனமாகப் பார்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அவரை விடாதீர்கள்.

துண்டை எடுக்கும்போது தடித்த இடத்திலிருந்து, அடிக்கொழுப்பு வரை ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் தோல் கனமானது. மேலே சீவி அனுப்பினால் எங்கள் கைக்கு வெறும் தோல் தகடுதான் வரும். இடம் உள்ளங்கால் என்று படிவத்தில் எழுதியிருக்கட்டும். வரிகளுக்குக் குறுக்காகச் சீவினால்தான் மேடா பள்ளமா என்று தெரியும். சர்க்கரைக்காரருக்குப் புண் மெதுவாக ஆறும், ஆனால் ஆறும்; சில மில்லிமீட்டர் துளைதான் அது.

துண்டு எடுக்க நாகர்கோவிலே போதும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் செய்யலாம். மெலனோமா என்று வந்தால் அறுவைக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடத்தைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், போகும் மருத்துவமனை அதில் வருகிறதா என்று முன்பே கேளுங்கள். கத்திக்குப் பயப்படும் ஊர் அல்ல நம் ஊர். எவரெஸ்டில் ஏறப்போன ஆங்கிலேய மருத்துவர் சோமர்வெல் நெய்யூரில் வந்து அறுவை செய்த காலத்தில், நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் போய்ப் படுத்தார்கள்.

மண்டைக்காடு வாசகன் எழுதியது:

எல்லாவற்றுக்கும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல்தான் காரணம். கதிரியக்கம்.

தக்கலை மெழுகுக்கட்டி எழுதியது:

தம்பி, அந்த மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் இதே மணல் உள்ள கேரளக் கருநாகப்பள்ளிக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. குலசேகரம் மலையடிவாரம். அந்தப் பெரியவர் பால் வெட்டியது கடற்கரையில் அல்ல. காரணம் தேடும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

குலசேகரத்து மகள் எழுதியது:

ஐயா, உங்கள் அக்காளைப் பற்றி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் உட்கார்ந்து ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து, "அந்த வாளியில் போட்டதுதான் தப்பு" என்று சொன்னார். வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் ஆசானிடம் நானே போய்ச் சீட்டைக் காட்டினேன். ரத்தம் வந்ததை அப்பா அவரிடம் மறைத்திருக்கிறார். "கறுத்தது ரத்தம் கக்கினால் நான் தொடமாட்டேன். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்று அவரே அப்பாவுக்கு ஆளனுப்பினார். அதற்குப் பிறகு பெரியப்பாவும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு இடத்தில் ஆழமாகத் துண்டு எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மெலனோமாதான். ஆழம் 1.6 மில்லிமீட்டர், மேல்தோல் புண்ணாகியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். முழுதும் எடுத்தபின் ஆழம் கூடவும் செய்யலாம் என்றார் மருத்துவர். தொடையிடுக்கில் ஸ்கேன் செய்து பார்த்ததில் கட்டி ஏதும் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் காட்டிவிட்டோம். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டு எடுப்பார்களாம். மிதிக்கும் இடம் என்பதால் குதிகாலுக்கு உள்ளங்கால் வளைவிலிருந்து தோலையும் சதையையும் திருப்பி வைத்து, வளைவில் தொடைத் தோலை ஒட்டுவார்கள். கட்டியின் அருகே மருந்து செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் கணுவைக் கண்டுபிடித்து அதையும் எடுத்துச் சோதிப்பார்கள். சர்க்கரை இறங்கினால் அடுத்த வாரமே. அப்பா கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மாதத்தில் தோட்டத்துக்குப் போகலாம் என்பது. மருத்துவர் நாள் சொல்லவில்லை. இனி வெறுங்காலோடு போகக்கூடாது என்றார்.

ஐயா, இங்கே எடுத்த மெழுகுக்கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் இந்த வெயிலில் கொண்டுபோனால் உருகிவிடுமா?

தக்கலை மெழுகுக்கட்டி எழுதியது:

உருகாது, மகளே. அந்த மெழுகு 56 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் பஸ் கண்ணாடியோரம் வெயிலில் வைக்காதீர்கள். இளகினால் சீவும்போது தொல்லை. சின்ன டப்பாவில் போட்டு உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தகடுகளைப் பஞ்சு வைத்துத் தனியாக. ஆய்வகத்தில் வாங்கும்போது மெழுகுக்கட்டியின் ஓரத்தில் உள்ள எண்ணும், அறிக்கையில் உள்ள எண்ணும், தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். இரண்டு துண்டு எடுத்ததாகச் சொன்னீர்கள். கட்டியும் இரண்டு இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.