கண்ணாடி மணி வாங்கும்போது உங்களுக்கு நடந்தது என்ன?

வைகைக்கரை:
கைவினைக் கண்காட்சியில் வாங்கிய லேம்ப்வொர்க் மணிகள், அதாவது தீச்சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கிக் கம்பியில் சுற்றிச் செய்தவை. கடல் நீலம், உள்ளே வெள்ளித் தாள் மினுமினுக்கும். துளை சுத்தம், கீறல் இல்லை, விலையும் பரவாயில்லை. "ஆனீலிங் பண்ணினதாண்ணே?" என்று கேட்டேன். பின்னால் வெடிக்காமல் இருக்க, கண்ணாடியைச் சூட்டில் நிறுத்தி மெல்ல ஆறவிடுவதுதான் ஆனீலிங். "பண்ணாம இருப்போமா மேடம்? செஞ்ச சூட்டோட சாம்பல்ல புதைச்சு, மறுநாள்தான் எடுப்போம்" என்றார். வாங்கிவிட்டேன். ராத்திரி சாப்பாட்டு மேசையில் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை, அசைக்கவில்லை. ஒரு மணி துளையோடு சேர்ந்து நேர் பாதியாகப் பிளந்து கிடந்தது. வெட்டு முகம் கத்தியால் நறுக்கியது போல வழவழவென்று இருந்தது. காசு போனது போகட்டும். அவர் முகத்தில் பொய்யே தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

உலைக்களம்:
அவர் பொய் சொல்லவில்லை. சாம்பலில் புதைப்பதையே ஆனீலிங் என்று நம்புகிறார், அப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். சாம்பல், வெர்மிகுலைட் என்கிற கனிமத் துகள் எல்லாம் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இந்த மணிகளுக்குப் புழங்கும், குறைந்த சூட்டிலேயே இளகும் மென்கண்ணாடியை உலையில் 500 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்தி வைத்து, அப்புறம் மெல்ல இறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளழுத்தம் தணியும். பொடி மணி சாம்பலிலேயே தப்பிவிடும், பெரியதுதான் வெடிக்கும்.

உள்ளழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, லேப்டாப்பில் வெள்ளைத் திரை வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இடையில் மணியை நீட்டுங்கள். அழுத்தம் இருக்கிற இடம் வெளிச்சமாகத் தெரியும். இன்னொன்று, குமிழ் இருக்கிற மணியைத் தொடாதீர்கள்.

உப்பளம் வாசி:
புதுச்சேரி கடற்கரையில் ஒரு பையன், "அரிக்கமேட்டு மணி சார், ரெண்டாயிரம் வருஷம்" என்று கையில் திணித்தான். அரிக்கமேடு புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகம், மணி செய்த இடம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடுகள் துளையைச் சுற்றி வளையம் வளையமாக ஓடின. கம்பியில் சுற்றிச் செய்த மணி அது. அரிக்கமேட்டின் பொடிக் கண்ணாடி மணிகள் பெரும்பாலும் குழாயாக இழுத்து நறுக்கியவை. அவற்றில் கோடும் குமிழும் துளையின் போக்கிலேயே நீளும். (இன்றும் திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அப்படி இழுக்கிறார்கள்.) இதைச் சொன்னதும் பையன் கண்ணிமைக்காமல், "அப்போ அதைவிடப் பழசு சார்" என்றான். பதில் சொல்ல வாயே வரவில்லை எனக்கு.

செம்மண் மேடு:
உண்மையான மணியாகவே இருந்தாலும் வாங்கலாமா? அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட தொல்லிடம். நூறு வருஷம் தாண்டிய பொருளை விற்க 1972 தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். லென்ஸை எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

உப்பளம் வாசி:
வாங்கினேன் என்று எங்கே சொன்னேன்?

சரம்:
என் கதை சின்னது. சிவப்பு மணிச் சரம், ஒரு கல்யாணம், ஆகஸ்ட் வெயில். வியர்வையில் சாயம் இறங்கி, தங்கச்சியின் கிரீம் கலர் பிளவுஸில் கழுத்தோரம் முழுக்க ரோஜா வளையம். அவள் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக் காட்டுகிறாள். கண்ணாடியிலேயே நிறம் இருந்தால் இப்படி ஆகாது, மேலே பூசியதுதான் இறங்கும். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு ஒரு மணியைத் துடைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

உலைக்களம் அண்ணா, குமிழ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. கையால் செய்த கண்ணாடியில் ஊசிமுனைக் குமிழ் சகஜம். மேற்பரப்பை ஒட்டி, தொட்டால் உடைகிற மாதிரி நிற்கிற பெரிய குமிழைத்தான் ஒதுக்க வேண்டும். குமிழைவிட நான் முதலில் பார்ப்பது துளையின் இரண்டு வாய்களை. கண்ணாடி உள்பக்கம் மடிந்து குழிவாக இருந்தால் நல்ல கை. வாய் கூராக நின்றால் நூலை அறுத்துவிடும், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருக்கிறதா? கம்பியில் பூசுகிற களிமண் அது. தண்ணீரில் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், காய்ந்தபடி சுரண்டினால் தூசி மூக்கில் ஏறும். மணியின் நடு வயிற்றைச் சுற்றி மெல்லிய வரம்பு தெரிந்தால் அது அச்சில் அழுத்தியது. அதில் தப்பில்லை, ஆனால் கைமணி விலை கொடுக்காதீர்கள். சரத்தை மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் துளை நடுவில் இல்லை. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. இன்னும் இருக்கிறது, அடுப்பில் பால் இருக்கிறது.

வைகைக்கரை:
லேப்டாப் வித்தை என் நீல மணிகளில் எடுபட்டது. கறுப்பு மணிகளில் ஒன்றுமே தெரியவில்லை.

உலைக்களம்:
ஒளி புகாத கண்ணாடிக்கு அது உதவாது. அங்கே விற்பவரைத்தான் கேட்க வேண்டும். உலை இருக்கிறதா, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைக்கிறார் என்று. நம்பர் சொன்னால் வாங்குங்கள். சாம்பல் என்றால் பொடி மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரம், ஊசிமுனைக் குமிழை மட்டும் விட்டுத்தருகிறேன்.