மெட்ஃபார்மின் எஸ்ஆர்: முதல் மணி நேரத்திலேயே பாதி மருந்து வெளியே வந்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளிவிடும்) மாத்திரைத் தயாரிப்போடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். மொத்த எடை 700 மி.கி., ஹெச்பிஎம்சி கே100எம் (தண்ணீர் பட்டால் ஜெல்லாகிற பாலிமர்) 20%, கொஞ்சம் லாக்டோஸ், தண்ணீரில் கரைத்த பிவிபி (ஒட்டுப்பொருள்) வைத்து கிரானுலேஷன், அதாவது பொடியைக் குருணையாக்குவது. முதல் மணி நேரத்தில் 52% வந்துவிடுகிறது, எனக்கு 20 முதல் 40-க்குள் இருக்க வேண்டும். மருந்து கரைவதைச் சோதிக்கும் டிசல்யூஷன் பாத்திரத்தைக் குனிந்து பார்த்தால் ஐந்தாவது நிமிஷமே ஓரமெல்லாம் மாவு மாவாக உதிர்கிறது. இன்னும் கெட்டியான கிரேடு போடலாமா?

பதில் 1:
கிரேடை மாற்றாதீர்கள் தம்பி, கே100எம்மே போதும். குறை அளவில்தான். தண்ணீர் பட்டதும் மருந்து கரைந்து ஓடிவிடுகிறது, அது விட்டுப்போன ஓட்டைகளை ஜெல் வந்து அடைப்பதற்குள் அடுத்த அடுக்கும் கரைந்துவிடுகிறது, அதனால் பாலிமரை 30%-க்கு மேலே கொண்டுபோங்கள், மாத்திரை 1000 மி.கி. ஆனாலும் பரவாயில்லை. லாக்டோஸும் கரைகிற சரக்கு, அதை எடுத்துவிட்டு எம்சிசி (தண்ணீரில் கரையாத செல்லுலோஸ் பொடி) போடுங்கள். தண்ணீர் கிரானுலேஷனும் வேண்டாம், மெட்ஃபார்மினே அதில் கரைந்து கட்டிகட்டியாகிவிடும். ஐபிஏ-வில் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பிவிபி கரைத்து, ஹெச்பிஎம்சியில் பாதியைக் கிரானுலுக்கு உள்ளேயே சேருங்கள். நைசான சிஆர் (மெதுவாக வெளிவிடும் மாத்திரைக்கான) கிரேடாகவும் இருக்கட்டும், பருமனான துகள் நனைந்து ஒட்டுவதற்கே நேரமெடுக்கும்.

பதில் 2:
மேலே சொன்னதெல்லாம் சரி. கூடவே 5% சோடியம் சிஎம்சி (இன்னொரு செல்லுலோஸ் பாலிமர்) போட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மினுக்கு நேர்மின்னூட்டம், சிஎம்சிக்கு எதிர்மின்னூட்டம், கொஞ்சம் பிடித்து வைக்கும். ஆனால் அமிலத்தில் அதன் குணம் மாறும், பிஹெச் 6.8 பஃபரில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், வயிற்று அமிலம் போன்ற பிஹெச் 1.2-லும் ஓட்டுங்கள்.

இன்னொன்று, மருந்து வெளிவருவதை ரொம்பவும் இறுக்கிவிடாதீர்கள். இந்த மருந்து பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது, பெருங்குடலுக்குப் போய் வெளிவருவதால் பெரிய பலனில்லை. இரவுச் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் அதற்காகத்தான், வயிற்றில் உணவு இருந்தால் ஊதிய மாத்திரை அங்கேயே கொஞ்ச நேரம் தங்கும். கிராஃப் அழகாக இருக்கிறது, சர்க்கரை இறங்கவில்லை என்றால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு என்ன லாபம்?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். 1000 மி.கி., ஹெச்பிஎம்சி 32%, சிஎம்சி 5%, ஐபிஏ. 1 மணி நேரத்தில் 33%, 3 மணி நேரத்தில் 57%, 10 மணி நேரத்தில் 92%. இப்போது வெளியே எடுத்தால் வழவழவென்று, நடுவில் வெள்ளையாகக் காய்ந்த கரு தெரிகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. 1.2-ல் நாளைக்கு. ஆனால் கம்ப்ரஷனில், மெஷினில் அழுத்தும்போது, மாத்திரையின் மேல்பகுதி தலை தலையாகக் கழன்று வருகிறது.

பதில் 1:
அது கேப்பிங். கிரானுலை அதிகமாகக் காயவைத்திருப்பீர்கள், எல்ஓடி (காய வைத்தால் குறைகிற எடை, அதாவது மிச்ச ஈரம்) 1.5% பக்கம் நிறுத்துங்கள். அப்புறம் ப்ரீகம்ப்ரஷனை (முதலில் கொடுக்கும் லேசான அழுத்தம்) கூட்டி, மெஷின் வேகத்தைக் குறையுங்கள். கடினத்தன்மையை ஏற்றி ஏற்றிச் சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகும்.