விடியற்காலையில் கெப் ஸ்டார்ட் ஆகவில்லை, பம்பைக் கழற்றலாமா? அவசரம்

கந்தப்பளை_மரக்கறி:
வணக்கம். என் டபுள் கெப் பிக்கப் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடாக இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. ரொம்ப நேரம் அடித்த பிறகு ஒருமாதிரி பிடித்து, குலுங்கி, புகை தள்ளி, அப்புறம் சரியாகிவிடும். பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒரே அடியில் எடுக்கிறது. இன்ஜினுக்கு டீசல் கொடுக்கும் பம்ப் போய்விட்டது, கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. விடியும் முன்னே லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கழற்றலாமா வேண்டாமா, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வவுனியா_டீசல்:
என்ன கெப் தம்பி? எந்த வருடம்? பழைய பம்ப் வண்டியா, கம்ப்யூட்டர் வைத்த புது கொமன் ரெயிலா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

மலைக்காற்று:
ஸ்டார்ட் பண்ணும் முன் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்தான், வேறொன்றும் இல்லை. இந்தக் குளிருக்கு நாலில் இரண்டு செத்திருந்தாலே போதும். தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனி விழுகிற ஊர் உங்களுடையது. நாலையும் மாற்றுங்கள்.

பழைய_இரும்பு:
"கெப் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று எழுதினால் நாங்கள் குறி பார்த்தா சொல்வது? இங்கே உதவி கேட்பவர்கள் மாடல், இன்ஜின், ஓடிய தூரம், கடைசியாக என்ன வேலை செய்தது, இதையெல்லாம் முதலில் எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பம்பைக் கழற்று என்று ஒருவர், பிளக்கை மாற்று என்று இன்னொருவர். ஒரு சோதனையும் செய்யாமல் பாகம் மாற்றுவதற்குப் பெயர் பழுது பார்ப்பது இல்லை.

கந்தப்பளை_மரக்கறி:
மன்னிக்க வேண்டும். ஹைலக்ஸ், எல்என் 106, 94ஆம் வருடம். 3எல் என்ற டீசல் இன்ஜின். ஹீட்டர் பிளக் போன வருடம் புதிதாகப் போட்டது. பேட்டரியும் புதிது.

யாழ்_சாரதி:
அண்ணை, நல்ல இன்ஜின் வைத்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். வால்வுகளை நேரத்துக்கு ஓட்டும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? ஒரு பல் தாண்டியிருந்தாலும் காலையில் பிடிக்காது. இன்னொன்று, குளிருக்கு டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பாருங்கள், லேசாகப் பற்றும்.

வவுனியா_டீசல்:
பெல்ட் தாண்டியிருந்தால் பகலிலும் இழுவை குறையும், சத்தமும் மாறும். இவருக்குச் சூட்டில் ஒரே அடியில் எடுக்கிறதே. அந்த மண்ணெண்ணெய் யோசனையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மலைக்காற்று:
போன வருடம் போட்டது என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது. பிளக்கின் உடம்பில் பொறித்திருக்கும் வோல்ட் அளவையும் பாருங்கள். பழைய டொயோட்டாக்களில் 12க்குக் குறைந்த வோல்ட் பிளக்கும் வரும். அளவு மாறிப் போட்டால் ஒன்று கருகிவிடும், இல்லை சூடேறாது.

பழைய_இரும்பு:
இது சோதனை, இதை ஒத்துக்கொள்கிறேன். இதற்கும் முன்னால் இரண்டு கேள்வி. ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது, பிடிப்பதற்கு முன்னால், சைலன்சரில் புகை வருகிறதா? பிடித்த பிறகு வரும் புகையைக் கேட்கவில்லை. இரண்டு, இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், மேடா சமதரையா?

யாழ்_சாரதி:
மண்ணெண்ணெயில் என்ன பிழை? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் பக்கம் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சூப்பிப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை எடுப்போம், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஒன்றும் ஆகவில்லை.

வவுனியா_டீசல்:
அது பெற்றோல் இன்ஜின் ஐயா. கார்புரேட்டருக்கு எண்ணெயின் வழவழப்புத் தேவையில்லை. இந்த ஹைலக்ஸில் இருப்பது சுழல் பம்ப். அதற்குள்ளே தனியாக எண்ணெய் கிடையாது, உள்ளே போகும் டீசல்தான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய் டீசலை விட வறண்டது, டீசலை அமுக்கித் தள்ளும் பிளஞ்சரும் பம்பின் தலையும் தேய்ந்துவிடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் கிடந்தபோது கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து ஊற்றி, நல்ல பம்ப்களைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

யாழ்_சாரதி:
டூ ஸ்ட்ரோக் ஓயில் கொஞ்சம் சேர்த்தால் அந்த வறட்சி போய்விடும். இதைப் பலர் செய்கிறார்கள்.

வவுனியா_டீசல்:
நல்ல டீசலை அடித்தால் இரண்டும் தேவையில்லை. முதலில் கெடுத்து, பிறகு அதற்கு மருந்து ஊற்றுவானேன்?

மலைக்காற்று:
நண்பர்களே, இவருடைய வண்டியைப் பார்ப்போம். மண்ணெண்ணெய்க்குத் தனி இழை போடுங்கள்.

கந்தப்பளை_மரக்கறி:
இன்று காலை கவனித்துப் பார்த்தேன். அடிக்கும்போது புகையே இல்லை, துளியும் இல்லை. பிடித்த பிறகுதான் வெள்ளையாக வருகிறது. வீடு சரிவில் இருக்கிறது. முன்பக்கம் மேலே பார்த்தபடிதான் நிறுத்துகிறேன், வேறு இடம் கிடையாது.

பழைய_இரும்பு:
இதை முதல் நாளே எழுதியிருந்தால் இத்தனை பேர் நேரம் மிச்சம். அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியவில்லை என்று அர்த்தம். அப்போது பிளக்கைப் பார்க்கலாம், கம்ப்ரஷனைப் பார்க்கலாம். இந்த இன்ஜின் காற்றை ஏறத்தாழ 22 மடங்கு அமுக்கி அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்றவைக்கிறது. உங்களுக்குப் புகையே இல்லை. அப்படியென்றால் உள்ளே டீசலைப் பீச்சும் நாசிலுக்கு டீசலே வரவில்லை. இரவில் லைன் காலியாகிறது. முன்பக்கம் மேலே, டேங்க் பின்னால் கீழே. எங்காவது ஓர் இடத்தில் காற்று புகுந்தால் லைனில் இருக்கும் டீசல் முழுக்கத் திரும்பி டேங்குக்கு இறங்கிவிடும். பகலில் அந்த அளவு இறங்க நேரம் கிடைப்பதில்லை, அதனால் ஒரே அடியில் எடுக்கிறது.

மலைக்காற்று:
கீழே டீசல் சொட்டவில்லையே, பிறகு எப்படி லீக்?

பழைய_இரும்பு:
இந்த வண்டியில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ள தனி பம்ப் இல்லை. இன்ஜின் பம்ப்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பலர் நல்ல பம்பைக் கழற்றுவது இங்கேதான். அதனால் உங்கள் பம்பைத் தொட வேண்டாம் என்கிறேன்.

வவுனியா_டீசல்:
சோதனை சுலபம் தம்பி. நாளை காலை சாவியைத் தொடாமல் பானட்டைத் திறங்கள். டீசல் பில்டருக்கு மேலே கையால் அமுக்கும் குமிழ் இருக்கும். அதை அமுக்குங்கள். முதலில் பஞ்சு போலப் போய், பிறகு மெல்ல மெல்லக் கனமானால், காற்று புகுந்திருக்கிறது. நன்றாகக் கனத்த பிறகு ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து அடியுங்கள். உடனே பிடித்தால் பம்ப் குற்றமற்றது.

காற்று எங்கே புகுகிறது என்று பார்க்க, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸைக் கழற்றி, டீசலைத் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு போட்டு ஓடவிடுங்கள். குமிழி தெரிந்தால் பில்டருக்கு முன்னாலோ பில்டரிலோ கோளாறு. பில்டரின் தலையில் அந்தக் குமிழுக்குள்ளே ரப்பர் சவ்வு இருக்கிறது, 30 வருடத்தில் அது வெடித்துப்போயிருக்கும். குமிழைச் சுற்றி ஈரமும் தூசியும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு, அதன் ஓ ரிங், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், அதன் கிளிப், இவ்வளவையும் ஒவ்வொன்றாக. கிளிப்பைப் பேய் இறுக்கு இறுக்காதீர்கள், பழைய ஹோஸ் அதிலேயே கிழியும்.

யாழ்_சாரதி:
இது சரியான முறை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

புதுவண்டி_பிரியன்:
இவ்வளவு பாடுபடுவதற்கு விற்றுவிட்டு வேறு எடுக்கலாமே.

மலைக்காற்று:
எதை எடுப்பது? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கெப் விலை எங்கேயோ போய்விட்டது. இப்போது புது வண்டிக்கு வழி திறந்தாலும், மரக்கறி ஏற்றுகிறவன் அந்த விலைக்கு வாங்கவா முடியும்? சரியாகப் பார்த்தால் 3எல் இன்னும் பல வருடம் உழைக்கும். அதைப் பாகம் பாகமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

பழைய_இரும்பு:
விற்பதைப் பற்றி இவர் கேட்கவில்லை. சோதனை முடிவு வரட்டும்.

கந்தப்பளை_மரக்கறி:
குமிழ் பஞ்சு மாதிரி இருந்தது. அமுக்கிக் கனத்த பிறகு அடித்தேன், உடனே பிடித்துவிட்டது. குமிழைச் சுற்றி ஈரமும் இருந்தது. டவுனில் பில்டர் தலை முழுதாகக் கிடைத்தது, மாற்றிவிட்டேன், தண்ணீர்த் திருகின் ஓ ரிங்கும் புதிது. இப்போது சரிவில் நிறுத்தினாலும் காலையில் எடுக்கிறது. பம்ப் கழற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி, லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

வவுனியா_டீசல்:
மிகவும் சந்தோஷம் தம்பி. புது பில்டர் தலையைக் கொஞ்ச நாளைக்கு விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள்.

பழைய_இரும்பு:
யாழ்_சாரதி கேட்ட ஒன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? இந்த இன்ஜினுக்கு 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. டேஷில் டி பெல்ட் என்று விளக்கு வரும், ஆனால் முன்னே வைத்திருந்தவர் பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிட்டிருக்கலாம், அதை நம்பாதீர்கள். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பெல்ட் மாற்றியதற்குக் கடதாசி எதுவும் கையில் இல்லையென்றால் அடுத்த லோடுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

யாழ்_சாரதி:
அண்ணை, இருக்கிறீர்களா? பெல்ட்?