மியூசிக்கல் சேர்: ஒரு சுற்று ஒரு நிமிடமா, இருபது விநாடியா?

விசில்சத்தம்:
நேற்று வேறொரு இழையில் பழையஓட்டக்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தொடக்கப் பள்ளி பி.டி. பீரியடில் மியூசிக்கல் சேர் மாதிரி ஆட்டங்கள் கட்டாயம் வேண்டுமாம். "அவுட் ஆன பிள்ளை ரெண்டு நிமிஷம் உட்காரும், அதில் என்ன குடி முழுகிவிடும்" என்று எழுதியிருக்கிறார்.

ரெண்டு நிமிஷமா? 30 பிள்ளைகள், 29 நாற்காலி. ஒரு சுற்று ஒரு நிமிடம் என்று வையுங்கள். முதலில் அவுட் ஆகிற பிள்ளை 28 நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் 406 நிமிடம் வருகிறது. ஆட்டத்தின் மொத்த நேரம் 30 பேருக்கும் சேர்த்து 870 நிமிடம். கிட்டத்தட்ட பாதி! அதுவும் முதலில் வெளியேறுவது யார்? மெதுவாக ஓடுகிறவள், கண் சரியாகத் தெரியாதவன், தள்ளினால் திருப்பித் தள்ளத் தெரியாத பிள்ளை. ஓடிப் பழக வேண்டியவர்களே அவர்கள்தான்.

பழையஓட்டக்காரன்:
ஒரு சுற்று ஒரு நிமிடம் என்று யார் சொன்னது? நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். 20 விநாடிதான் ஆகும். அடிப்படையே தப்பாக இருக்கும்போது மேலே கட்டிய கணக்கை நான் ஏன் படிக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
20 விநாடி என்றே வைப்போம் சார். 28 சுற்றுக்கு 560 விநாடி, அதாவது 9 நிமிடம் 20 விநாடி. அப்போதும் நீங்கள் சொன்ன ரெண்டு நிமிஷம் வரவில்லை. சுற்று எவ்வளவு நேரமானாலும் அந்தப் 'பாதி' மாறாது.

பழையஓட்டக்காரன்:
ஆக, 28 நிமிடம் என்றது தப்பு. அதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

விசில்சத்தம்:
யார் ஒப்புக்கொண்டது? 20 விநாடி உங்கள் வாயிலிருந்து வந்த கணக்கு. நாற்காலியைத் தூக்கி நகர்த்த வேண்டும், "நான்தான் முதலில் உட்கார்ந்தேன்" என்று அழுகிற ரெண்டு பேரைச் சமாதானம் செய்ய வேண்டும், மறுபடி வட்டம் கட்ட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து 20 விநாடியில் இதைச் செய்கிறவர் ஒரு தடவை செய்து காட்டட்டும்.

அமைதிப்புறா:
நண்பர்களே, 'அவுட்' என்பதற்கும் 'எல்லோரையும் சேர்த்துக்கொள்வது' என்பதற்கும் என்ன பொருள் என்று முதலில் பேசிக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

பழையஓட்டக்காரன்:
பொருள் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். 20 விநாடி. அழுகிறதைச் சேர்க்கக் கூடாது, அது ஆட்டம் இல்லை.

விசில்சத்தம்:
அழுகிறது ஆட்டம் இல்லையா! உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் ஓடாமலா நிற்கும்? போன வாரம் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் இதை நடத்தியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் சுற்றிலேயே வெளியே வந்த பெண், சுவரில் சாய்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பாட்டு நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் முடிவதற்குள் அந்த லேஸின் நுனி பிரிந்தே போயிற்று.

முப்பதுவருடம்:
நானும் பி.டி. மாஸ்டர்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். தோற்கத் தெரியாத பிள்ளை நாளைக்கு என்ன செய்யும்? பழையஓட்டக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளைப்பு இருக்கிற பிள்ளைகளுக்கு அவுட் ஆகி உட்கார்வது நல்ல ஓய்வும்கூட.

மருதாணி:
ஐயா, என் மகனுக்கு இளைப்பு உண்டு. அவனுக்கு ஓய்வு வேண்டியது மூச்சு வாங்கும்போது, தோற்கும்போது இல்லை. ரெண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று யார் சொன்னது? அவனுக்கு வீசிங் சத்தம்கூட வராது, ஓடி முடித்த பிறகு இருமல்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு "நடிக்கிறான்" என்றார்கள். இன்ஹேலர் அலுவலக அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அன்றைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

விசில்சத்தம்:
மருதாணி மேடம், இதைத்தான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்ஹேலர் மைதானத்துக்கு வர வேண்டும், பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் 10, 15 நிமிடம் மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக வேகம் கூட்டினால் நிறையப் பிள்ளைகளுக்கு இழுப்பே குறையும். நடுவில் அவனே கை தூக்கி ஒதுங்கி, அவனே திரும்பி வரலாம் என்று விதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஓய்வு. அவுட் ஆக்கி உட்கார வைப்பதற்குப் பெயர் வேறு.

முப்பதுவருடம் ஐயாவுக்கு ஒன்று. முன்பு ஒரு இழையில் எல்லாப் பிள்ளைகளும் முன் உருளல் போட்டே ஆக வேண்டும் என்று எழுதினீர்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் ரெண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும், மருத்துவர் பார்க்காமல் உருள வைக்கக் கூடாது என்று நான் சொன்னபோது பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். நான் மறக்கவில்லை.

முப்பதுவருடம்:
அந்தப் பழைய கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? என் மாணவர்களில் ஒருவருக்கும் கழுத்து போகவில்லை.

விசில்சத்தம்:
போகாதவரைக்கும் நல்லது. போன பிறகு யார் பொறுப்பு?

பழையஓட்டக்காரன்:
பேச்சை மாற்றுகிறார், பார்த்தீர்களா? 20 விநாடிக்குப் பதில் இல்லை என்றதும் கழுத்துக்குப் போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை:
பதில் நான் சொல்லிவிட்டேன் சார். 9 நிமிடம் 20 விநாடி.

பழையஓட்டக்காரன்:
ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு நாற்காலி எடுத்தால்? அதற்கும் பாதி. நீங்கள் கணக்குப்பிள்ளை இல்லை, விசில்சத்தத்தின் எழுத்துப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
இப்படிப் பேசுவதாக இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன். போன முறையும் இதைத்தான் செய்தீர்கள்.

மருதாணி:
அவுட் இல்லாமல் அந்த ஆட்டத்தை நடத்தவே முடியாதா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

விசில்சத்தம்:
தாராளமாக முடியும். நான் நாற்காலியே வைப்பதில்லை. ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் பாய்ந்தால் அது பின்னால் வழுக்கும், பிள்ளை மல்லாக்க விழும். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டங்கள் போடுவேன். பாட்டு நின்றதும் எல்லோரும் வட்டத்துக்குள் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வட்டத்தை அழிப்பேன், ஆளைக் குறைக்க மாட்டேன். கடைசியில் மிச்சமிருக்கிற ரெண்டு மூன்று வட்டத்துக்குள் இத்தனை பேரும் இடம் கண்டுபிடிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பையனுக்கு நாற்காலி ஆட்டத்தில் என்ன வேலை? வட்டம் என்றால் ஒரு சக்கரம் உள்ளே இருந்தால் போதும். போன முறை அவன் மடியில் ஒரு பிள்ளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பிள்ளைகள்! சக்கரத்தை பிரேக் போட்டுப் பூட்டிய பிறகுதான் ஏறலாம் என்று விதி வைத்தது அவனேதான்.

பந்து ஆட்டத்துக்கும் இப்படி வழி உண்டு. கண் சரியாகத் தெரியாத பிள்ளைக்குப் பந்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி உருட்டினால் சரசரவென்று சத்தம் வரும், பந்து எங்கே வருகிறது என்று காது சொல்லிவிடும். கண் தெரியாதவர்கள் ஆடுகிற கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணி வைத்திருப்பதும் இதற்குத்தான். 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம் அது.

பழையஓட்டக்காரன்:
வட்டத்துக்குள் கட்டிப்பிடித்து நிற்பதா விளையாட்டு? மூச்சு வாங்க ஓட வேண்டாமா?

விசில்சத்தம்:
5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மிதமான வேகத்திலிருந்து தீவிர வேகம் வரை உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நேரம் அந்த 60இல் சேருமா?

பழையஓட்டக்காரன்:
அந்த 60 முழு நாளுக்கு. பி.டி. பீரியடுக்கு இல்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து...

விசில்சத்தம்:
முழு நாளுக்குத்தான், நானும் 'நாளுக்கு' என்றுதான் எழுதினேன். நிறையப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் ஓடக் கிடைக்கிற ஒரே இடம் இந்தப் பீரியட். அதிலும் உட்கார வைக்கிறீர்களே!

முப்பதுவருடம்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. தோற்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

விசில்சத்தம்:
தோற்ற பிள்ளைக்கு அடுத்த ஆட்டம் உடனே கிடைத்தால்தான் அது தோற்கக் கற்கும். உட்கார்ந்தே இருந்தால் உட்காரத்தான் கற்கும். நாளைக்கு ஸ்டாப்வாட்ச் எடுத்துப் போகிறேன். நாற்காலி நகர்த்துவது, அழுகை, வட்டம் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று அளந்து இங்கேயே போடுகிறேன்.

பழையஓட்டக்காரன்:
அழுகையைச் சேர்க்காமல் அளந்து போடுங்கள். 20 விநாடிதான் வரும்.