கலைச்சொல் விவாதம்: ‘போலி நண்பன்’ வேண்டாம், ‘அயலொப்பு’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இரு மொழிகளில் ஒரே உருவில் வந்து வேறு வேறு பொருள் தரும் சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிவருகிறோம். ஆங்கில ‘false friend’ஐ அப்படியே பெயர்த்த ‘போலி நண்பன்’ எனக்கு ஒப்பவில்லை. 1928இல் கோஸ்லர், தெரோக்கிஞி என்ற இருவர் பிரெஞ்சில் பரப்பிய பெயர் அது. ஆங்கிலமும் பிரெஞ்சும் காலங்காலமாகச் சொற்களைக் கொண்டு கொடுத்தவை. அங்கே நண்பன், துரோகி எல்லாம் பொருந்தும். நாம் பெயர் தேடுவது ஒட்டும் உறவும் இல்லாத மொழிகளில் தற்செயலாக ஒரே உருவில் வந்து நிற்கும் குட்டிச் சொற்களுக்கு. போதாததற்கு, ‘போலி’ என்றாலே இலக்கணம் படித்தவருக்கு எழுத்து மாறியும் பொருள் மாறாத பந்தல்–பந்தர்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் நீலகிரி வெலிங்டன் கடைவீதியில் ஒரு பட்டாளத்துக்காரர் பாக்கிக் காசுக்கு “கல், கல்” என்று கையசைத்துவிட்டுப் போனார். கடைக்கார அண்ணன் அடுப்பிலிருந்த தோசைக்கல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்தியில் அது நாளை. (நேற்றும் அதுவேதான், காசு விஷயத்தில் நல்ல வசதி.) துருக்கியில் ‘கல்’ என்றால் ‘போகாதே, இரு’.

இதில் ஓசையும் ஒத்துப்போகிறது. ‘பால்’ அப்படியில்லை. இந்தியில் முடியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து வேறு ஒலி. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகின்றன. தோடர் குடியிருப்பை மந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அதை எம், யூ, என், டி என்று எழுதுவது வழக்கம். அதே நான்கு எழுத்து ஜெர்மானியருக்கு ‘வாய்’. ஆகவே ஒலியில் ஒப்பா, எழுத்தில் ஒப்பா என்று பிரித்துச் சொல்லவும் பெயர் இடம் தரவேண்டும்.

‘சம்சாரம்’ இந்தக் கணக்கில் வராது. நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு, ஆனால் வேர் ஒரே வடசொல். படகர் மொழிச் சொற்களும் கன்னடச் சொற்களும் நமக்கு இனச்சொற்களே. பொருள் திரிந்திருந்தாலும் உறவு உறவுதான்.

எனவே என் பரிந்துரை: அயலொப்பு. உட்பிரிவுகள் ஒலி அயலொப்பு, எழுத்து அயலொப்பு. இதற்கு ‘மொழிச்சிலேடை’ என்று பெயர் வைக்கலாம் என எழுதிய ஐயாவுக்கு: சிலேடை புலவர் வேண்டுமென்றே வைப்பது, இங்கே வைத்தவர் யாருமில்லை. ‘பலபொருள் ஒருசொல்’லும் ஒரே மொழிக்குள் நிற்பது.

ஒரு சங்கடம் உண்டு. ‘ஒலியயலொப்பு’ என்று சேர்த்தெழுதினால் நாக்கு சுளுக்கும். பிரித்தே எழுதலாம் என்பது என் கட்சி. சந்தி பார்ப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.